பாட்டுக் கேட்பது குற்றமா?



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு, ஆலய மண்டபத்தில் நாம் பேசிக்கொள்ளும் விடயங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரில் யாருக்குச் சுகமில்லை, யாருடைய காணி விடுபட்டது, யாருடைய பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்று எல்லாவற்றையும் பேசுவோம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், "நேற்று ஒரு புதுப்பாட்டுக் கேட்டேன், இரவு முழுக்க அதே காதுக்குள் நின்றது" என்று சொல்லி நாம் கேட்டதுண்டா? பாட்டுக் கேட்காமல் யாரும் இல்லை. காரிலும் ட்ராமிலும் காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு கேட்கத்தான் செய்கிறோம். வெளியில் சொல்வதற்கு மாத்திரம் ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அடியில் இன்னொன்று கிடக்கிறது. இத்தனை பேரை இழந்துவிட்டு வந்த நாம், பாட்டுக்கும் படத்துக்கும் கதைப்புத்தகத்துக்கும் மனம் துள்ளலாமா? எங்கோ இருக்கும் ஒரு நடிகரையோ பாடகரையோ நினைத்து எமது பிள்ளைகள் கன்னம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? துக்கம் இன்னும் தீராத ஒரு சமூகத்துக்கு இரசனை என்பது ஆடம்பரமா, அல்லது குற்றமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து பார்ப்போம். நாம் தத்துவம் படித்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்து, இந்த பேர்ண் நகரில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆனால் இந்தக் கேள்வி எமது வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அதனால்தான் எழுதுகிறோம்.

எமக்கு ஒரு தம்பி இருந்தான். எம்மிலும் இரண்டு வயது இளையவன். 2009 ஆம் ஆண்டு வன்னியில் இறந்தான். கண்டதாக ஒருவர் பின்னாளில் வந்து சொன்னார். எந்த நாள் என்று அவருக்கும் நினைவில்லை. ஆகவே திதி பார்க்க வழியில்லாமல், மே மாதத்தில் ஒரு நாளை நாமே குறித்து வைத்து, ஆண்டுதோறும் படத்துக்கு முன் விளக்கேற்றி, சைவச் சாப்பாடு படைத்து வருகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில், விளக்கேற்றி முடிந்து வீடு அமைதியாக இருந்த வேளையில், மகளின் அறையிலிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்டன. கதவைத் திறந்தால், சுவரில் கொரிய நாட்டு இளைஞர் ஏழு பேரின் பெரிய படம். பி.ரி.எஸ். என்ற அந்தக் குழுவைத் தெரியாத பெற்றோர் இன்று எம்மில் குறைவு. அவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லி, தோழியுடன் தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். எமக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "சனம் செத்த நாளில உனக்குப் பாட்டோ?" என்று கத்திவிட்டோம்.

அவள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. படத்தைத் தானே கழற்றி, சுருட்டிக் கட்டிலின் கீழ் வைத்தாள். அதன்பின் ஒன்பது நாள், கேட்ட கேள்விக்கு ஓம், இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் வந்தபோது நடந்ததைச் சொன்னோம். அம்மா எமது பக்கம் நிற்பார் என்றுதான் நினைத்தோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ராசா, நீ பாட்டுக் கேக்கவெண்டு கை உளைய உளையச் சைக்கிள் சில்லுச் சுத்தினவன் அவன். அந்தப் பிள்ளை பாட்டுக் கேட்டதெண்டு அவன் கோவிப்பானோ?"

இளைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வரவில்லை. மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமம். ஆனால் எல்லா வீட்டிலும் சைக்கிள் இருந்தது, சைக்கிளில் டைனமோ இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து வானொலிப் பெட்டியில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்போம். செய்தியும் அப்படித்தான் கேட்டோம், பாட்டும் அப்படித்தான் கேட்டோம். வேகம் குறைந்தால் ஒலிநாடா இழுபட்டு, பாடகியின் குரல் ஆண்குரலாகிவிடும். வேகம் கூடினால் எல்லாரும் குருவிக்குஞ்சுகள் போலப் பாடுவார்கள். ஒரே சீராகச் சுற்றுவதற்குப் பழக்கம் வேண்டும். எமது வீட்டில் அந்தப் பழக்கம் தம்பிக்குத்தான் இருந்தது.

1992 இல் 'ரோஜா' வெளிவந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் முதற்படம். ஒலிநாடா எப்படியோ யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டு, கரகரத்த ஒலியோடு எமது கைக்கு வந்தது. அந்த இசையை முதன்முதல் கேட்ட நாளை இன்றும் மறக்கவில்லை. நாம் அதுவரை கேட்டிருந்த பாட்டுகளில் வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகப் பந்தியில் இருந்து சாப்பிடுவது போலிருக்கும். இதிலோ ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளி விட்டு நின்றது. அந்த வெளிக்குள் நாம் போய் இருந்தோம். படத்தை நாம் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆனால் பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து கதாநாயகியின் படத்தை வெட்டி, கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டி, அதன் மேல் கடதாசி உறை போட்டு மறைத்து வைத்திருந்தோம். பதின்மூன்று வயது. இன்று எமது மகளின் அறைச் சுவரைப் பார்த்துச் சினந்த அதே ஆள்தான் அந்தக் கொப்பிக்கும் சொந்தக்காரர்.

பெரியவர்கள் அன்று என்ன சொன்னார்கள்? "இதென்ன பாட்டு, தகரத்தில தட்டுற மாதிரி" என்றார் அயல்வீட்டு மாமா. அவருடைய இளமையில் அவர் எம்.ஜி.ஆர். கட்சி, அவருடைய தமையனார் சிவாஜி கட்சி. அதற்காக இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்களாம். எமது அக்காமார் காலத்தில், 1985 இல் வந்த 'பூவே பூச்சூடவா' படத்துக்குப் பின், தோடும் வளையலும் நதியாவின் பெயரில் விற்றன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பைத்தியத்தை மறந்துவிட்டு அடுத்த தலைமுறையின் பைத்தியத்தைக் கண்டிக்கிறது. இது வேடிக்கையானது, மன்னிக்கக்கூடியது. ஆனால் எமது விடயத்தில் அதற்கு மேல் ஒன்று இருந்தது. நாம் மகளின் இரசனையைக் கண்டிக்கவில்லை. இறந்தவர்களைச் சாட்சிக்கு அழைத்து, அவளை நீதிமன்றத்தில் நிறுத்தினோம்.

அம்மாவின் சொல் இன்னொரு நாளையும் நினைவுக்குக் கொண்டுவந்தது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட அந்த நாளை அனுபவித்தவர்கள் இதை வாசிப்போரிலும் பலர் இருப்பீர்கள். மழை. நாவற்குழிப் பக்கம் போகும் வீதியில் அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். அம்மா உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அரிசியையும் எடுத்தார். தம்பியின் புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்த அப்பா, அதற்குள் ஒலிநாடாப் பெட்டியும் நான்கு ஒலிநாடாக்களும் இருக்கக் கண்டு, "உயிர் போற நேரத்தில உனக்குப் பாட்டோ?" என்று ஏசினார். பதினான்கு வயதுப் பையன். ஒன்றும் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் பல குடும்பங்களோடு தங்கினோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மாலையில் தம்பி சைக்கிளைக் கவிழ்த்தான். முதலில் சிலர் முகத்தைச் சுழித்தார்கள். பின் ஒருவர் ஒருவராக வந்து அமர்ந்தார்கள். வந்த நாள் தொடக்கம் எவருடனும் ஒரு வார்த்தை பேசாதிருந்த வயோதிபத் தாய் ஒருவர், பாட்டு முடிந்ததும், "அதை இன்னொருக்காப் போடு அப்பு" என்றார். அவர் பேசியதை நாம் அன்றுதான் கேட்டோம்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. அப்பா தன் உடுப்பு மூட்டையை அவிழ்த்தபோது, மடித்த வேட்டிக்குள்ளிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தன்', திருலோக சீதாராம் தமிழில் தந்த நூல். அப்பா யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய வாசகர். 1981 இல் அந்த நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபின், வீட்டிலிருந்த சில புத்தகங்களை உயிர் போலக் காத்தவர். உயிர் போற நேரத்தில் அவருக்கும் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது! தம்பி அந்தப் புத்தகத்தையும் பார்த்தான், அப்பாவின் முகத்தையும் பார்த்தான். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் நாம் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் பேர்ண் நகரத்து வீட்டில், அப்பா சொன்ன அதே வசனத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், நாம் எமது மகளுக்குச் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது அது யாருடைய வசனம் என்று தெரியவில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம்.

எமது தொழில் கணக்கு. இரட்டைப் பதிவு முறையில், ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுத வேண்டும். ஒன்றுமில்லாமல் ஒன்றும் வராது. குற்ற உணர்வும் இதே முறையில்தான் கணக்கெழுதுகிறது என்று நினைக்கிறோம். எமக்கு வரும் ஒவ்வொரு மகிழ்ச்சிக்கும் எதிரே, இறந்தவர்களின் பேரேட்டில் ஒரு பற்று எழுதிவிடுகிறது. அவர்கள் கேளாத பாட்டை நாம் கேட்டோம், அவர்கள் உண்ணாத உணவை நாம் உண்டோம், ஆகவே அவர்களுக்குக் கடன்பட்டோம் என்கிறது. இந்தக் கணக்கில் உண்மை கொஞ்சமும் இல்லையென்று சொல்ல மாட்டோம். கடன் உண்டு. 2017 பெப்ரவரி முதல், காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களோடு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்து கேட்கத் தொடங்கிய தாய்மாரை நினைத்தால், அவர்களுக்குக் கடன்படவில்லை என்று எம்மில் யார் சொல்வார்?

ஆனால் கடனைத் தீர்க்கும் வழி என்ன என்பதுதான் கேள்வி. கடனாளி தன்னைத் தானே அடித்துக்கொண்டால் கடன்கொடுத்தவனுக்கு ஒரு சதமும் சேராது. பேர்ணில் ஒரு பிள்ளை தன் சுவரில் இருந்த படத்தைக் கழற்றியதால், வவுனியாவில் எந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது? சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் சாட்சி சொல்வது, பணம் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவது, நடந்ததை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகிய இவைதான் கொடுப்பனவுகள். இவற்றைச் செய்யாமல், மகிழாமல் இருப்பதையே பெரிய தியாகமாக எண்ணிக்கொள்வது மிகவும் மலிவான வழி. இதை எம்மைப் பார்த்தே சொல்கிறோம். அந்த மே மாதத்தில், மகளை ஏசியதைத் தவிர வேறு எதையும் தம்பியின் பெயரால் நாம் செய்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாமே கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டியவை அல்ல. ஒரு வியாபாரம் தனக்குள்ளேயே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 38 சொல்லும் விதி. அந்த நன்மதிப்பு இல்லாமல் கடை ஒரு நாளும் ஓடாது. ஆனாலும் அதற்குத் தொகை போட முடியாது. தென்மராட்சிப் பாடசாலையில் அந்த வயோதிபத் தாய் வாய் திறந்து கேட்டதற்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு என்று பதிவது?

எமது சமயம் இதை எம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறது. எமது பெருமான் எங்கே ஆடுகிறார்? பொன்னம்பலத்தில் ஆடுகிறார், சுடலையிலும் ஆடுகிறார். சாம்பலைப் பூசிக்கொண்டு, எரியும் பிணங்களின் நடுவே ஆடுகிறார். அந்த ஆட்டத்தைத் திருவாலங்காட்டில் கண்டு பாடியவர் காரைக்கால் அம்மையார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அம்மையாரைப் பாருங்கள். வற்றிய உடம்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் புன்னகை. சுடலையில் இருந்து தாளம் போடும் ஒரு பெண்ணை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் நாம், துக்கமும் இசையும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்ல முடியும்? தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தபோது நகையை முதலிலும், அழுகையை அதற்கு அடுத்தும், உவகையைக் கடைசியிலும் வைத்தார். ஒன்று இருக்கும் மனத்தில் மற்றது இருக்கக் கூடாது என்று அவர் விதிக்கவில்லை.

சரி, எல்லா இரசனையும் நல்லதுதானா? அப்படியும் நாம் சொல்லவில்லை. பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. கொரிய இசைத்தட்டுகளின் உறைக்குள் பாடகர்களின் சிறிய படங்கள் வைக்கப்படுகின்றன. எந்த உறைக்குள் யாருடைய படம் என்று வாங்குமுன் தெரியாது. விரும்பியவரின் படம் கிடைக்கும்வரை பிள்ளைகள் ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். இங்கே கணக்குப் புத்தகம் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் ஆசையை ஒரு வியாபாரம் எப்படிக் காசாக்குகிறது என்பதைக் கூட இருந்து கணக்குப் போட்டுக் காட்டுவது பெற்றோரின் கடமை. நாம் மகளோடு இருந்து போட்டோம். கூட்டுத்தொகையைப் பார்த்து அவளே கண்ணை விரித்தாள். ஏசியிருந்தால் இது நடந்திராது.

எமக்குத் தெரிந்த அளவில், ஒரு இரசனையை உரைத்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, அது அடுத்த கதவைத் திறக்கிறதா, அல்லது இருக்கும் கதவையும் மூடுகிறதா? இரண்டாவது, அது அருகில் இருப்பவரைப் பார்க்கும் கண்ணை எமக்கு விட்டுவைக்கிறதா?

இரண்டாவதை முதலில் எடுப்போம். 2020 ஜூன் மாதம், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு பி.ரி.எஸ். குழுவும் அதன் நிறுவனமும் பத்து இலட்சம் டொலர் கொடுத்தபோது, அவர்களுடைய இரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் தாமும் அதேயளவு தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பாடகரின் மேல் வைத்த பிரியம், முன்பின் தெரியாத மனிதர் மேல் இரக்கமாகப் பெருகியதற்கு இது ஒரு சாட்சி. தம் முகத்தையே அறியாத ஒருவர் மேல் அன்பு வைப்பதை நாம் பரிகசிக்கிறோம். அன்பு என்பதைப் பழகத் தொடங்கும் வயதில், பதிலுக்கு எதுவும் கிடைக்காத இடத்தில் அதைப் பழகுவது அவ்வளவு கேவலமானதா? அந்தப் பாடகரும் மனிதர்தான் என்பதை மறக்காமல் இருந்தால் போதும். அந்த ஏழு பேரும் தம் நாட்டுச் சட்டப்படி ஒவ்வொருவராகக் கட்டாய சேவைக்குப் போய், 2025 ஜூனில் கடைசி ஆள் முடித்து வந்தார். மகள் நாட்காட்டியில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். காத்திருப்பது என்றால் என்னவென்று அவளுக்குச் சிறிதளவாவது தெரிந்தது.

முதலாவது கேள்விக்கு வருவோம். ஒன்பது நாள் மௌனம் முடிந்து, நாம் மன்னிப்புக் கேட்டபின் ஒரு சனிக்கிழமை, மகள் நூலகத்திலிருந்து ஒரு சிறிய புத்தகம் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள். 'டெமியான்'. எழுதியவர் ஹெர்மன் ஹெஸ்ஸே. திடுக்கிட்டோம். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். "பி.ரி.எஸ்.தான் அப்பா. 2016 இல வந்த 'விங்ஸ்' இந்தப் புத்தகத்தை வைச்சுத்தான் செய்தது. அதுதான் எடுத்தனான். உங்களுக்கு இவரைத் தெரியுமோ?"

தெரியுமோவா! மழையில் நனைந்த வேட்டிக்குள்ளிருந்து விழுந்தவர் அல்லவா அவர்?

பின்னர் அந்த மனிதரைப் பற்றி இருவரும் சேர்ந்து தேடி வாசித்தோம். ஹெஸ்ஸேயின் தாயார் பிறந்தது கேரளத்துத் தலச்சேரியில். தாய்வழிப் பாட்டனாரான ஹெர்மன் குண்டர்ட், 1872 இல் வந்த மலையாள அகராதியைத் தொகுத்தவர். ஹெஸ்ஸே 1911 இல் கப்பலேறிக் கீழைநாடுகளுக்குப் போனவர், எமது இலங்கைத் தீவுக்கும் வந்தார், கண்டியைப் பார்த்தார். மறு ஆண்டு அவர் குடிவந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இதே பேர்ண் நகருக்கு. முதலாம் உலகப்போர் தொடங்கியபோது, பகைமையைத் தூண்டும் எழுத்தாளர்களைப் பார்த்து 1914 இல் ஒரு கட்டுரை எழுதி, சொந்த நாட்டுப் பத்திரிகைகளிடம் துரோகி என்று ஏச்சு வாங்கினார். அதன்பின் அவர் செய்த வேலைதான் எம்மை நிறுத்தியது. போர்க் கைதிகளாக முகாம்களில் அடைபட்டிருந்த ஜேர்மன் வீரர்களுக்குப் புத்தகங்கள் சேர்த்து அனுப்பும் பணியை, இந்த நகரில் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்காகச் செய்தார். அந்தப் பணிக்கு இடையில், 1917 இல், இங்கேயேதான் 'டெமியானை' எழுதினார். 1919 இல் வேறொரு பெயரில் அது வெளிவந்தது. 'சித்தார்த்தன்' அதன் பிறகு 1922 இல் வந்தது.

சோறும் மருந்தும் போதாத முகாமுக்குக் கதைப்புத்தகம் எதற்கு என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் எமது தம்பி சைக்கிளைக் கவிழ்த்ததையும், ஹெஸ்ஸே புத்தகப் பொதி கட்டியதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எமக்கு ஒன்று தெளிவாகிறது. இரசனை என்பது தனி ஒருவரின் சொத்தாக எமக்கு ஒருபோதும் வந்ததில்லை. நாம் கேட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் சில்லுச் சுற்றியிருக்கிறார். வாசித்த ஒவ்வொரு புத்தகத்தையும் யாரோ ஒருவர் நெருப்புக்கும் மழைக்கும் தப்ப வைத்துக் காவி வந்திருக்கிறார். 2008 இல் இந்த நாட்டுக்கு வந்து, அகதிக் கோரிக்கைக்குப் பதில் வரும்வரை உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், காதில் ஒரு பாட்டு இல்லாமல் எந்த இரவையும் நாம் கடக்கவில்லை. அப்போது தம்பி உயிரோடு இருந்தான். "என்ன புதுப்பாட்டு வந்திருக்கு?" என்று கேட்டுத்தான் தொலைபேசிப் பேச்சைத் தொடங்குவான்.

அவனுக்கு நாம் பட்ட கடன் அதுதான் என்று இப்போது நினைக்கிறோம். மௌனமாக இருப்பதால் அது தீராது. எமது முறை வரும்போது சில்லைச் சுற்ற வேண்டும், இன்னொருவர் கேட்பதற்காக.

போன மே மாதம் விளக்கேற்றியபின், மகள் கேட்டாள்: "சித்தப்பாவுக்கு எந்தப் பாட்டு விருப்பம்?" 'ரோஜா' ஒலிநாடாவில் அவன் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டைச் சொன்னோம். ஒரு நொடியில் தேடி எடுத்தாள். சுத்தமான ஒலி, கரகரப்பில்லை, இழுவை இல்லை. அம்மாவும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்து கேட்டார். அது முடிந்ததும் மகள் எமது முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ரை பாட்டு ஒண்டும் போடட்டோ அப்பா?" என்றாள். போட்டாள். அது எமக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். ஆனால் முழுவதும் கேட்டோம். அம்மா, "தம்பி இருந்தா இதையும் பாடமாக்கியிருப்பான்" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எமது வீட்டில் ஒரு வழக்கம். அப்பாவின் 'சித்தார்த்தன்' பிரதியை, ஊருக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். தண்ணீர் பட்டுச் சுருங்கிய பக்கங்கள். மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எமக்கு டொச் மொழியில் இலக்கியம் வாசிக்கும் அளவுக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவள் ஒரு பக்கம் டொச்சில் வாசிக்க, அதே பக்கத்தை நாம் தமிழில் வாசிக்கிறோம். வாரத்துக்கு ஐந்தாறு பக்கம்தான் போகிறது. ஆறு வரும் இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடியார்களே, இதை வாசித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளை இப்போது யாருடைய பாட்டைக் கேட்கிறது, யாருடைய படத்தை வைத்திருக்கிறது, என்ன புத்தகம் வாசிக்கிறது என்று இன்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். பின் உங்களுடைய பழைய கொப்பியின் பின்னட்டையில் யாருடைய படம் இருந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஊரில் சில்லுச் சுற்றியவர் யாரும் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.